எஞ்சினுக்கு முதல் எண்ணெய்

நுழையும்முன்

கிணற்று மோட்டார் ஓடியும் குழாயில் நீர் வராதிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதுபோன்ற நிலை ஓர் ஊர்தியின் எஞ்சினுக்குள் ஏற்பட்டால் என்ன நேரும்? அதனைத் தவிர்க்கப் பட்டறையில் செய்யப்படும் ஒரு வேலையை இப்பாடம் விளக்குகிறது.

பாடம்

கொழுக்குமலை தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் உள்ளது. ஆயினும் ஊர்தியில் செல்ல விரும்புவோர் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லி வழியாகவே அங்கு ஏற வேண்டும். கல்லும் பள்ளமும் நிறைந்த அப்பாதையில் ஜீப்புகளே செல்கின்றன. தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு ஆகிய வட்டங்களிலும் ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்வது ஜீப்பின் வேலை. இரவில் நோயுற்ற ஒருவரை லயத்திலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதும் பல இடங்களில் அதன் வேலையே. இத்தகைய வண்டிகள் முதுமை அடைந்தாலும் மலைமக்கள் அவற்றை எளிதில் கைவிடுவதில்லை. எஞ்சின் தேய்ந்தால் அதனை முழுவதும் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டன் வளையங்களையும் பேரிங்குகளையும் புதிதாக இட்டு மீண்டும் பூட்டுகின்றனர். பல நாள் உழைப்பும் உரிமையாளரின் பெரும் பொருளும் அதில் அடங்கியுள்ளன. அவை யாவும் எஞ்சினை முதன்முதலாக இயக்கும் ஒரே நிமிடத்தில் வீணாகிவிடக் கூடும். காரணம் எண்ணெய்.

எஞ்சினின் நடுவே சுழலும் கிராங்குத் தண்டு பேரிங்குகளின்மேல் அமர்ந்திருப்பதாகக் கூறுகிறோம். உண்மையில், ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் அது உலோகத்தின்மேல் அமர்வதே இல்லை. தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. அவ்விடைவெளியில் நிறைந்த எண்ணெய்ப் படலமே தண்டைத் தாங்குகிறது. இதனை முதலில் கண்டவர் இங்கிலாந்துப் பொறியாளர் பொசம் டவர். அவர் 1883இல் புகைவண்டி அச்சின் பேரிங்கை ஆராய்ந்தபோது, எண்ணெய் விடுவதற்காக அதன் உச்சியில் ஒரு துளை இட்டார். அச்சு சுழன்றதும் அத்துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி வழிந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளையால் அடைத்தார், அதுவும் நிற்கவில்லை. பின்னர் அழுத்தமானியைப் பொருத்தியபோது, பேரிங்கின்மேல் ஏற்றிய சுமையின் சராசரி அழுத்தத்தைப்போல் இருமடங்கிற்கும் மேலான அழுத்தத்தை அது காட்டியது. சுழலும் அச்சே எண்ணெயை இடுக்கில் இழுத்துச் சென்று, அதன்மேல் தான் மிதக்கிறது என்பது இதனால் விளங்கிற்று. இதற்குரிய கணிதத்தை ஆசுபர்ன் ரேனால்ட்சு 1886இல் வகுத்தார்.

நம் முன்னோரும் இதன் பயனை அறிந்திருந்தனர். வைக்கோற் கரியை எண்ணெயில் குழைத்து மாட்டுவண்டியின் அச்சுக்கு இட்டனர். அந்த மைக்கு வழங்கிய ‘மசகு’ என்னும் பெயரே இன்று ‘மசகு எண்ணெய்’ என்னும் கலைச்சொல்லில் வாழ்கிறது.

இனி, புதிதாகப் பூட்டிய எஞ்சினைக் காண்போம். அடியிலுள்ள சம்ப்பில் எண்ணெய் ஊற்றியாயிற்று. ஆனால் பம்பு, பில்டர், எண்ணெய் செல்லும் வழிகள் யாவும் காற்றால் நிறைந்துள்ளன. பம்பின் பற்சக்கரங்களும் உலர்ந்துள்ளன. எண்ணெய் இருந்தால்தான் பற்களுக்கிடையே உள்ள நுண்ணிய சந்துகள் அடைபடும். உலர்ந்த பம்பு அச்சந்துகள் வழியே காற்றைக் கசியவிடுவதால், கீழிருந்து எண்ணெயை உறிஞ்ச இயலாமல் வெறுமனே சுழலும். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதி உழவர் பம்புசெட்டை ஓட்டுமுன் அதில் நீர் ஊற்றி நிரப்புவதும், பழைய அடிபம்பின் தலையில் ஒரு குவளை நீர் விட்டு அடிப்பதும் இத்தகைய காரணங்களாலேயே. கிணற்று மோட்டாரில் நீர் வராவிட்டால் நிறுத்திவிட்டு மறுபடி முயலலாம். எஞ்சின் அவ்வாறு பொறுத்திருக்காது. நிமிடத்திற்கு 1000 சுற்று வேகத்தில் பத்து நொடி ஓடினால் தண்டு 160 முறைக்குமேல் சுழன்றுவிடும். அத்தனை சுற்றும் உலோகத்தோடு உலோகம் உரைந்தால் புதிய பேரிங்கின் மேற்பரப்பு கீறுண்டு போகும். வெப்பம் மிகுந்தால் தண்டும் பேரிங்கும் பற்றிக்கொண்டு எஞ்சின் இறுகிவிடும்.

ஆகவே எரிபொருள் பற்றுமுன்பே எண்ணெயை எல்லா இடங்களுக்கும் அனுப்புதல் வேண்டும். இதனை முன்னெண்ணெயூட்டல் எனலாம். இவ்வேலை எஞ்சினைப் பூட்டும்போதே தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு பேரிங்கிலும் கெட்டியான மசகைத் தடவுவர். பம்பின் பற்சக்கரங்களுக்கிடையே வாசலின் அடைப்பதும் உண்டு. அது சந்துகளை மூடி உறிஞ்சும் ஆற்றலைத் தருவதோடு, எண்ணெய் சூடானதும் அதில் கரைந்துவிடும். எளிதில் கரையாத வண்டிக் கிரீசை அங்கு அடைப்பது தவறு. அது கட்டியாகச் சென்று வழியை அடைக்கும். பில்டர் நிமிர்ந்த நிலையில் பொருந்துவதாயின் அதில் எண்ணெயை நிரப்பியே மாட்டுவர்.

அடுத்து, பெட்ரோல் எஞ்சினாயின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிடுவர். டீசல் எஞ்சினாயின் எரிபொருளைத் தடுத்து நிறுத்தி, குளோ பிளக்குகள் உள்ள வகையில் அவற்றைக் கழற்றுவர். இதனால் சிலிண்டரில் காற்று இறுகாது; பேரிங்கின்மேல் சுமை ஏறாது. பின்னர்ச் சுய இயக்கி மோட்டாரால் எஞ்சினைச் சுழற்றுவர். ஒருமுறைக்குப் பத்து அல்லது பதினைந்து நொடி போதும். மோட்டார் சூடாகாதிருக்க இடையிடையே ஓய்வு தேவை. சில எஞ்சின்களில் டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, அத்துளை வழியே ஒரு தண்டைச் செலுத்தித் துளையிடும் கருவியால் பம்பை மட்டும் சுழற்றலாம். அழுத்தமானி பொருந்தும் துளை வழியே, காற்றழுத்தம் ஏற்றிய கலத்திலிருந்து எண்ணெயைச் செலுத்துவது மற்றொரு முறை. இவ்விரண்டிலும் கிராங்குத் தண்டைக் கையால் மெல்லத் திருப்பிக்கொண்டே இருத்தல் நன்று. தண்டிலுள்ள துளைகள் எண்ணெய் வழியோடு நேர்ப்படும்போதே பல எஞ்சின்களில் எண்ணெய் உட்புகும்.

அழுத்தமானியின் முள் எழுந்ததும், எச்சரிக்கை விளக்கு அணைந்ததும் வேலை முடிந்ததாகப் பலர் கருதுகின்றனர். அது போதாது. மானி தான் பொருந்திய இடத்து அழுத்தத்தை மட்டுமே காட்டும். எஞ்சினின் மேல்மூடியைத் திறந்து, தொலைவிலுள்ள ராக்கர் கைகளில் எண்ணெய் கசிவதைக் கண்ணால் காண்பதே உறுதியான சான்று. வண்டியின்றி வருவாய் இழந்து நிற்கும் ஓட்டுநருக்கு இந்தக் காத்திருப்பு கடினமானதே. ஆயினும் அரைமணி நேரத்தைச் சேமிக்க முயன்று மீண்டும் எஞ்சினை இறக்க நேர்வது அதனினும் கொடிது.

எஞ்சின் முதன்முதலாக ஓடத் தொடங்கியதும் விழி அழுத்தமானியிலேயே இருத்தல் வேண்டும். சில நொடிகளில் முள் எழாவிடின் உடனே நிறுத்திவிட வேண்டும். பழைய வகை எஞ்சினில் கேம் தண்டும் புதியதாயின், மெல்ல ஓடவிடாமல் 2000 சுற்று அளவில் ஏறத்தாழ இருபது நிமிடம் ஓட்டுவது வழக்கம். கேம் முனைகளுக்கு எண்ணெய் பெரும்பாலும் தெறிப்பதனாலேயே கிடைக்கிறது. வேகம் குறைந்தால் தெறிப்பும் குறையும். புதுப்பித்த எஞ்சினின் முதல் எண்ணெயில் நுண்ணிய உலோகத்துகள்கள் கலந்திருக்கும். ஆதலின் வழக்கமான காலம் வரும்வரை காத்திராமல் எண்ணெயையும் பில்டரையும் விரைவில் மாற்றுவர்.

சொற்பொருள்

படலம் – மெல்லிய அடுக்கு
லயம் – தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடு
சந்து – இடுக்கு
கொடிது – கொடுமையானது

பயிற்சி

1. பொசம் டவர் அடைத்த தக்கை ஏன் வெளியே தள்ளப்பட்டது?
2. உலர்ந்த பம்பு எண்ணெயை உறிஞ்ச இயலாமைக்குக் காரணம் யாது?
3. எச்சரிக்கை விளக்கு அணைந்தால் மட்டும் போதாது என்று பாடம் கூறுவது ஏன்?
4. பிரித்தெழுதுக: எண்ணெயூட்டல், வண்டியச்சு, மரமுளை.
5. உங்கள் ஊர்ப் பட்டறைக்குச் சென்று, எஞ்சின் உறுப்புகள் ஐந்திற்குத் தமிழ் பேசுவோரும் மலையாளம் பேசுவோரும் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதி வருக.