80,000 இருக்கை எதற்கு?

கேள்வி: ஷா ஆலம் அரங்கத்தை இடித்துவிட்டு, பாதி ஆட்கள்தான் உட்காரக்கூடிய புதியதைக் கட்டுகிறார்களே, இது முன்னேற்றமா?
– வாசகர், ரவாங்

பதில்: உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. 1994-இல் திறந்தபோது ஏறக்குறைய 80,000 பேர் அமரும் அந்த அரங்கம் சிலாங்கூரின் பெருமை. தோட்டத்துத் திடலில் பந்து உதைத்து வளர்ந்தவர்களுக்கு அதன் வளைவைப் பார்ப்பதே தனி மகிழ்ச்சியாக இருந்தது.

ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். சாதாரண லீக் ஆட்டத்துக்கு அத்தனை பேர் வருவதில்லை. காலி இருக்கைக்கும் கூரை வேண்டும், அந்தக் கூரையைப் பராமரிக்கப் பணம் வேண்டும். ஷா ஆலமில் கூரை சிதைந்துபோனது. 2020-இல் பாதுகாப்புக் காரணத்தால் மூடினார்கள், 2024-இல் இடிக்கத் தொடங்கினார்கள். புதியது 45,000 இருக்கைகளுக்குத் திட்டமிடப்பட்டிருக்கிறது.

கூரை சின்ன விஷயமில்லை. திரெங்கானுவில் 2008-இல் திறந்த சுல்தான் மிசான் அரங்கத்தின் கூரை மறு ஆண்டே, 2009 ஜூனில், இடிந்து விழுந்தது. நல்லவேளை, அன்று ஆட்டம் இல்லை. ஆகவே இருக்கைக் கணக்கைவிட, வடிவமைப்பைச் சரிபார்ப்பது யார், பராமரிப்புக்கு ஆண்டுதோறும் நிதி எங்கிருந்து வரும் என்று கேளுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. ரவாங்கில் ஏறினால் கொமுட்டர் ரயில் ஷா ஆலம் வரை போகும். ஆனால் நிலையத்திலிருந்து அரங்கம் நடக்கும் தூரத்தில் இல்லை. ஆட்டம் முடிந்த இரவில் நம் பிள்ளைகள் வீடு திரும்ப வழி வேண்டும். அதை இப்போதே உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் எழுதிக் கேளுங்கள்.