பெயரேட்டில் பழம்பதிவு களைதல்

வலைப்பின்னலிலுள்ள கணினிகள் ஒன்றையொன்று எண்களாலேயே அறியும். மாந்தராகிய நாமோ பெயரால் அழைக்கின்றோம். பெயருக்கு எண்ணைக் காட்டும் ஏடே டி. என். எஸ். எனப்படுவது. ஆதியில் அமெரிக்காவிலுள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தார் பெயர்களையெல்லாம் ஒரே கோப்பில் எழுதி வந்தனர். கணினிகள் பெருகவே அம்முறை தாங்காதாயிற்று. 1983-ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்பார், ஏட்டைப் பலவிடங்களிற் பகிர்ந்து வைக்கும் இவ்வேற்பாட்டை வகுத்தார். 1997-இல், கணினி தன் பெயரையும் விலாசத்தையும் தானே பதிந்துகொள்ளும் விதி ஏற்பட்டது. தொல்லையும் அதனோடே பிறந்தது. வரும்பொழுது பெயரெழுதுங் கணினி போகும்பொழுது பெரும்பாலும் அதனை அழித்துவிட்டுப் போவதில்லை.

கிடந்தால் கிடக்கட்டுமே, நட்டம் யாது என்பாருமுளர். ஒரு கல்லூரியின் தேர்வு அலுவலகத்து அச்சுக்கருவி பழுதுற்று அகற்றப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். பெயரேட்டில் அதன் பதிவு நிற்கிறது. அவ்விலாசமோ சின்னாளில் மாணவர் விடுதியிலுள்ள வேறோர் அச்சுக்கருவிக்குக் கிடைக்கிறது. ஆசிரியர் பழைய பெயரை நம்பி வினாத்தாளை அனுப்புகிறார்! பதிவே இல்லாதிருப்பின், பிழையென்றாவது அவருக்குத் தெரிந்திருக்கும்.

இதற்குப் பரிகாரமாக விண்டோஸ் 2000 முதலிய சர்வர்களில் ஸ்கேவெஞ்சிங் என்னும் ஏற்பாடு அமைந்துளது. கணினி தானே எழுதிய ஒவ்வொரு பதிவிலும் ஒரு காலக்குறி இடப்படும். வழக்கமான அமைப்பில், முதல் 7 நாள் அக்குறியைப் புதுப்பிக்க இடமில்லை. விலாசம் மாறினால் மட்டும் மாற்றலாம். இத்தடை வீணன்று. குறி மாறுந்தோறும் அச்செய்தி மற்றைச் சர்வர்களுக்கும் போகவேண்டுமாதலின், அவ்வீண் போக்குவரத்தைக் குறைத்தற்கே இது வைக்கப்பட்டது. அடுத்த 7 நாளிற் புதுப்பிக்கலாம். அதற்குள்ளும் புதுப்பிக்கப்படாத பதிவே பழம்பதிவாம். சர்வர் களையெடுப்பதும் 7 நாளுக்கொருமுறையாகையால், ஒரு பதிவு நீங்க மூன்று வாரம் வரை செல்லும். பொறுமையற்றோர் இது வேலை செய்யவில்லை என்று கூறுவது பெரும்பாலும் இவ்விடத்தேதான். வேறு சிலரோ பெயர்ப் பகுதியில் மட்டும் இதனை இயக்கிவிட்டுச் சர்வரில் இயக்க மறப்பர்; ஈரிடத்தும் இயக்கினாலன்றி ஒன்றும் நடவாது.

கையால் எழுதிய பதிவுகளுக்குக் காலக்குறி பூஜ்யம். அவற்றைச் சர்வர் தொடுவதில்லை. இவற்றையும் ஒருசேரக் களைய எண்ணி, எல்லாப் பதிவுகட்கும் காலக்குறியிடும் கட்டளையைச் சிலர் கொடுத்துவிடுகின்றனர். இதனினும் பெரிய பிழை இத்தொழிலில் அரிது. அன்று கேடு தோன்றாது. வாரங்கள் கழிந்தபின், தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளாத அஞ்சல் சர்வர் முதலியவற்றின் பெயர்கள் சொல்லாமல் மறையும். காரணமும் எளிதிற் புலப்படாது. ஆதலின் முதற்கண் ஏட்டைப் பிரதியெடுத்து, காலக்குறியில்லாதவற்றை ஒவ்வொன்றாக உரியவரிடம் கேட்டறிந்து நீக்குதலே தக்கது. அச்சுக்கருவியின் பதிவும் கையால் எழுதியதாயின், எத்தனை வாரம் காத்திருந்தாலும் அது தானே நீங்காது. கருவியைத் தூக்கிச் செல்லும் அன்றே அதனையும் ஒருவர் அழித்தாகவேண்டும்.