கோடையிலும் மூடாத ஊற்று



கோடையில் நம் சங்கராபரணி ஆறு வறண்டு கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மணலிலே ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுத்த காலத்தைப் பற்றி உங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கையால் மணலைத் தள்ளத் தள்ள, அடியில் தெளிந்த நீர் ஊறும். கல்வியும் அத்தகையதே என்று வள்ளுவர் மணற்கேணியை உவமையாகக் கூறியதை வகுப்பில் படித்திருக்கிறீர்கள். அந்த உவமைக்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. தோண்டிய ஊற்றை நாலு நாள் கவனியாமல் விட்டால், பக்கத்து மணல் சரிந்து குழி மூடிவிடும். நீர் எங்கும் போய்விடவில்லை. ஆயினும் மறுபடி முதலிலிருந்து தோண்ட வேண்டும்.

கோடை விடுமுறையில் பல மாணவியருக்கு நேர்வது இதுதான்.

ஜூன் மாதத்தில் ஒரு காட்சி

பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஆசிரியைகள் ஆண்டுதோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. மார்ச் மாதத்தில் தடையின்றி வாசித்த சிறுமி, ஜூன் மாதத்தில் எழுந்து நின்று, ஒரு பத்தியை எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிப்பாள். பின் வரிசையில் யாரோ சிரிப்பார்கள். அவள் கண் கலங்கி, “மறந்து போச்சு டீச்சர்” என்பாள். அவள் அறிவிலே குறைந்தவள் அல்லள். ஐந்தாறு வாரம் அவள் கையில் புத்தகமே இல்லை, அவ்வளவுதான்.

இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள குறை அன்று. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் என்ற அறிஞரும் அவருடைய துணைவர்களும் இப்பொருள் பற்றிய 39 ஆய்வுகளைத் தொகுத்து 1996-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். நீண்ட கோடை விடுமுறையில் பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் படிப்பின் அளவை இழக்கிறார்கள் என்று கண்டனர். இதிலே நாம் கவனிக்க வேண்டிய செய்தி மற்றொன்று உண்டு. வாசிப்பில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் பின்வாங்கவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகளே பின்வாங்கினர். பள்ளி நடக்கும் நாளில் இருவருக்கும் ஒரே கரும்பலகை. விடுமுறையில்தான் ஒருத்தி வீட்டில் புத்தகம் இருக்கிறது, மற்றொருத்தி வீட்டில் இல்லை.

ஓர் ஆண்டில் ஒரு மாதம் என்பது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்கிட்டுப் பாருங்கள். “எனக்குப் படிப்பு வராது” என்று அந்தச் சிறுமி தானே முடிவு கட்டிவிடுகிறாள். அவள் அப்படிச் சொன்ன அன்றே, “சரி, பெண் பிள்ளைக்குப் படித்தது போதும்” என்று சொல்லக் காத்திருப்போர் இன்றும் இல்லாமல் இல்லை. ஆகவே விடுமுறை வாசிப்பு என்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. உங்களில் சிலருக்கு அது பத்தாம் வகுப்பையும் அதற்கு அப்பாலும் எட்டிப் பிடிக்கும் வழியாகும்.

ஒரு கோட்டையில் தொடங்கிய வாசிப்பு

புனித இஞ்ஞாசியாரின் வரலாறு உங்களுக்குத் தெரிந்ததே. 1521-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுப் பம்பலூனா கோட்டையைக் காத்து நின்றபோது, பீரங்கிக் குண்டு பட்டு அவர் கால் முறிந்தது. பல மாதம் படுக்கையில் கிடந்தார். பொழுது போகாமல், வீரர்களின் சாகசக் கதைகளைக் கேட்டார். அந்த வீட்டில் அப்படிப்பட்ட நூல் ஒன்றும் அகப்படவில்லை. அவர் கையில் கிடைத்தவை கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்களின் வரலாறுமே. கிடைத்ததைப் படித்தார். படித்ததோடு நில்லாமல், எதை நினைத்தால் பின்னர் மனம் வறண்டுபோகிறது, எதை நினைத்தால் மகிழ்ச்சி தங்குகிறது என்றும் கவனித்து வந்தார். படுக்கையை விட்டு எழுந்தபோது அவர் வேறு மனிதராய் இருந்தார்.

அவர் நிறுவிய சேசு சபைக்குத் திருத்தந்தை 1540-ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தார். அச்சபையைச் சேர்ந்த அன்றீக்கு அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சாயிற்று. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. ஒருவர் நோயில் கிடந்து படித்த படிப்பு, கடல் கடந்து நம் மொழியின் அச்சுப் புத்தகம் வரை வந்து சேர்ந்தது என்றால் வியப்பாக இல்லையா?

நம் கோட்டையை வாசித்திருக்கிறீர்களா?

அதே சபையைச் சேர்ந்த பிமெண்டா என்னும் குரு 1597-ஆம் ஆண்டில் நம் செஞ்சிக்கே வந்தார். கிருஷ்ணப்ப நாயக்கரைக் கண்டு பேசினார். போர்ச்சுகல் நாட்டில் லிஸ்பன் நகரைத் தவிர வேறெந்த ஊரும் செஞ்சிக்கு ஈடாகாது என்னும்படி இவ்வூரின் பெருமையை எழுதி வைத்தார். நாம் தினமும் பேருந்தில் கடந்து போகும் இந்த ஊரைப் பற்றித்தான்!

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று மலைகளையும் பிறந்த நாள் முதல் பார்க்கிறோம். கல்யாண மகாலின் அடுக்குகளை எண்ணத் தெரியும். களஞ்சியத்தின் உள்ளே நின்று கூவி எதிரொலி கேட்கத் தெரியும். ஆனால் கல் தானாகப் பேசாது. சிவாஜி 1677-ஆம் ஆண்டில் இக்கோட்டையைக் கைப்பற்றினார் என்பதையும், அவர் மகன் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டது என்பதையும் நூல்தான் சொல்லும். அந்த எட்டு ஆண்டுகளும் இத்தனை பேருக்குத் தண்ணீரும் தானியமும் எப்படிக் கிடைத்தன என்று கேட்டுக்கொண்டு மீண்டும் மலையேறிப் பாருங்கள். சுனையும் குளமும் களஞ்சியமும் வேறு விதமாகக் கண்ணில் படும்.

தேசிங்கு ராஜன் கதையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘பெரிய எழுத்து’ப் புத்தகமாக அது வீடுதோறும் சென்றது. எழுத்தறிந்த ஒருவர் ராகமாக வாசிக்க, அறியாத பலர் சுற்றி அமர்ந்து கேட்டார்கள். கதையில் வரும் தேசிங்கு ஒருவன். 1714-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபுடன் போரிட்டு மாண்ட இளைஞன் தேஜ்சிங் என்று வரலாறு கூறும் தேசிங்கு ஒருவன். இரண்டையும் படிக்கிறவள், எது பாட்டு, எது நடந்தது, மக்கள் ஏன் அதைப் பாட்டாக்கினார்கள் என்று சிந்திக்கத் தொடங்குவாள். 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மராட்டியப் படைத்தளங்களாய் விளங்கிய 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி ஒன்றே. இனி உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் வருவோர் நம்மிடம் கேள்வி கேட்பார்கள். பதில் சொல்ல நமக்குத் தெரிய வேண்டாமா?

எதைப் படிப்பது?

2010-ஆம் ஆண்டில் ரிச்சர்டு அலிங்டன் என்ற அறிஞரும் அவருடைய துணைவர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு வழிகாட்டுகிறது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மூன்று கோடை விடுமுறைகளில், ஒவ்வொரு முறையும் 12 புத்தகங்கள் வீதம் கொடுத்தார்கள். அவை அப்பிள்ளைகள் தாமே விரும்பித் தேர்ந்தெடுத்தவை. புத்தகம் பெறாத பிள்ளைகளைவிட இவர்கள் வாசிப்பில் மேம்பட்டு நின்றார்கள். ஆகவே உங்களுக்குப் பிடித்ததையே எடுங்கள். கடினமான நூலைச் சுமந்துகொண்டு உறங்குவதைவிட, எளிய நூலை முடித்துவிட்டு அடுத்ததைத் தேடுவது மேல்.

சிறு வகுப்பினருக்கு அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் இருக்கின்றன. நடு வகுப்பினர் வீரமாமுனிவரின் ‘பரமார்த்த குரு கதை’யைப் படிக்கலாம். ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்க்கும் சீடரைப் பற்றிப் படித்து வயிறு குலுங்கச் சிரிக்கலாம். உயர் வகுப்பினர் கல்கியின் ‘சிவகாமியின் சபத’த்தை எடுக்கலாம். அதில் வரும் மகேந்திரவர்மர், செங்கலும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி எடுத்த குகைக் கோயில், விழுப்புரம் போகும் வழியில் மண்டகப்பட்டிலே இருக்கிறது. திருவிவிலியத்தில் ரூத்து நூல் நான்கே அதிகாரம். மாமியாரைக் காப்பாற்ற வயலில் கதிர் பொறுக்கிய அந்தப் பெண்ணின் கதை எம்மதத்தாருக்கும் இனிக்கும்.

புத்தகத்துக்கு எங்கே போவது?

இக்கேள்விக்கு விடை காணவே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் சீர்காழியில் 1892-ஆம் ஆண்டில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராய் இருந்து, 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது அவர் வகுத்த விதிகளுள் ஒன்று. 1931-ஆம் ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில், கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியால், மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றார்கள். அதைத் தொடங்கி வைத்தவர் ரங்கநாதனே. அவருடைய உழைப்பின் பயனாக 1948-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது.

அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்தப்படுகிறது. ஆகவே நூலகம் யாரோ இடும் தருமம் அன்று. உங்கள் தந்தையார் செலுத்திய பணமும் அதில் இருக்கிறது. நம் ஊரில் கிளை நூலகமும், சுற்றியுள்ள கிராமங்கள் பலவற்றில் ஊர்ப்புற நூலகங்களும் உள்ளன. கூச்சப்படாமல் உள்ளே சென்று, உறுப்பினராவது எப்படி என்று நூலகரைக் கேளுங்கள்.

விடுமுறையில் செய்ய வேண்டியவை

1. நாள்தோறும் அரை மணி நேரம் வாசிக்க வேண்டும். வெளியே தலை காட்ட முடியாத நண்பகல் வேளை இதற்கு ஏற்றது. அவ்வேளையில் கைபேசியை அம்மாவிடம் கொடுத்து வைத்துவிடுங்கள்.

2. வாரம் இரு முறையாவது பாட்டிக்கோ தம்பி தங்கைக்கோ உரக்க வாசித்துக் காட்டுங்கள்.

3. ஒரு குறிப்பேட்டில் நூலின் பெயர், புதிய சொற்கள் ஐந்து, மனத்தில் எழுந்த கேள்வி ஒன்று ஆகியவற்றை எழுதுங்கள்.

4. வீட்டில் இரண்டு புத்தகம் உள்ளவள், ஒன்றைப் புத்தகம் இல்லாத தோழிக்குக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

“எங்களுக்கு விடுமுறை ஏது? மல்லாட்டை ஆயப் போக வேண்டும்” என்று சில பிள்ளைகள் சொல்வது காதில் விழுகிறது. உண்மைதான், குடும்பத்துக்குக் கை கொடுப்பது பெருமையே. ஆனால் மாலையில் திண்ணையில் அமர்ந்து நால்வர் மல்லாட்டை உரிக்கும்போது, முறை வைத்து ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் கேட்கலாமே! அன்று தேசிங்கு கதையை அப்படித்தானே நம் முன்னோர் கேட்டார்கள்? அன்று வாசித்தவர் பெரும்பாலும் ஆண்மகன். இன்று அந்த இடத்தில் நீ அமர்வாய். கையெழுத்துப் போடத் தெரியாத உன் பாட்டி, பேத்தியின் வாயால் ஒரு கதை முழுவதும் கேட்டு முடிக்கும் மாலையை எண்ணிப் பார்.

செல்வங்களே, ஜூன் மாதத்தில் வகுப்பறைக்குள் நுழையும்போது உங்கள் ஊற்று மூடாமல் இருக்கட்டும். குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டுங்கள். உங்கள் கேள்விகளுக்காக நாங்கள் காத்திருக்கிறோம். இறைவன் உங்கள் விடுமுறையை ஆசீர்வதிப்பாராக!