ஒழுகாத ஓட்டை: பழைய லாரி வழியில் நின்றால்

வாலாஜாபாத் பக்கமிருந்து ஜல்லி ஏற்றி வரும் பழைய டாடா 1613. ஒரகடம் தாண்டியதும் இழுவை குறைகிறது, ரெண்டு குலுக்கு குலுக்கிவிட்டு நின்றுவிடுகிறது. செல்ஃப் அடித்தால் என்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. “பம்பு போயிடுச்சுண்ணே, இறக்கணும்” என்று யாராவது வந்து சொல்வார்கள். இறக்க விடாதீர்கள். இன்ஜெக்‌ஷன் பம்பு மெல்லத் தேயும் பொருள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி சட்டென்று நின்றால், தேடலை டேங்கிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் சொல்வது இன்லைன் பம்பு வைத்த பழைய டாடா, லேலண்டு வண்டிகளுக்கு மட்டும். காமன் ரெயில் வண்டியில் இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்தவே கூடாது. அந்தக் குழாயில் 1,000 பாருக்கு மேல் அழுத்தம் ஏறும். லாரி டயரில் இருப்பதோ ஏறத்தாழ 8 பார்தான். 2012-ல் ஒரகடத்தில் ஆலை திறந்த பாரத்பென்ஸ் தொடங்கி இன்றைய புது வண்டிகளுக்கெல்லாம் கம்ப்யூட்டர் மாட்டித்தான் பிழையைப் பார்க்க வேண்டும். பழசுக்குக் கண்ணும் காதும் போதும்.

முதலில் வண்டியை இடது ஓரம் ஒதுக்கி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின்னால் தள்ளி முக்கோணத்தை வையுங்கள். கன்டெய்னர் வண்டிகள் இரவும் பகலும் ஓடும் சாலை இது.

இனி ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும், நீங்கள் சைலன்சரைப் பாருங்கள். பத்து விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம், மோட்டார் சூடாகிவிடும். புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. புகை இல்லாத நிலையில், பம்பின் ஸ்டாப் லீவர் மூடிய நிலையிலேயே சிக்கியிருக்கிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள். கேபிள் துருப்பிடித்ததற்காக பம்பை இறக்கிய கதைகள் உண்டு.

அடுத்தது டேங்க். மீட்டரை நம்பாமல் குச்சி விட்டு அளவு பாருங்கள். மூடியைத் திறக்கும்போது ‘உஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. குவாரித் தூசி படியும் வண்டியில் இது சகஜம். துளையைச் சுத்தம் செய்தால் வேலை முடிந்தது. பிறகு ஃபில்டரின் அடித்திருகைத் திறந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தேங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

இனிதான் முக்கியமான இடம். டேங்கிலிருந்து ஃபீட் பம்பு வரை டீசல் உறிஞ்சப்படுகிறது. அதற்குப் பிறகு தள்ளப்படுகிறது. தள்ளும் பக்கம் ஓட்டை இருந்தால் டீசல் ஒழுகும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் ஒரு சொட்டு வராது. மாறாக, காற்று உள்ளே போகும். வெடித்த ஓஸ், தளர்ந்த கிளிப், தேய்ந்த காப்பர் வாஷர், இவ்வளவுதான் காரணம். கண்டுபிடிக்க எளிய வழி: சுத்தமான டீசல் உள்ள கேனை உயரத்தில் வைத்து, புது ஓஸ் ஒன்றை நேராக ஃபீட் பம்புக்குக் கொடுங்கள். ஏர் எடுத்த பின் வண்டி நிற்காமல் ஓடினால் பம்பு நல்லது, குற்றம் டேங்க் பக்கக் குழாயில்.

ஏர் எடுக்க, ஃபில்டர் தலையில் உள்ள திருகைத் தளர்த்தி ஃபீட் பம்பின் கைப்பிடியை அடியுங்கள். நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும், அடித்துக்கொண்டே திருகை முடுக்குங்கள். அப்புறம் பம்பின் மேல் உள்ள திருகுக்கும் அப்படியே. முடிந்ததும் கைப்பிடியை அழுத்தித் திருகிப் பூட்டுங்கள். அதை மறந்தால் அந்த வழியாகவே மறுபடி காற்று ஏறும். இதற்கும் பிடிக்காவிட்டால் இன்ஜெக்டர் நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திச் செல்ஃப் அடித்து, டீசல் தெறித்ததும் முடுக்குங்கள். சீறும் டீசலுக்கு நேரே கை வேண்டாம். தோலைத் துளைத்துவிடும், ஊசிக்குத்து மாதிரிதான் தெரியும், ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

என்ஜின் ஓடுகிறது, ஆனால் மிஸ் அடிக்கிறதா? ஐடிலில் ஒவ்வொரு நட்டாகத் துணி சுற்றித் தளர்த்துங்கள். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. பக்கத்து இன்ஜெக்டரோடு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே நகர்ந்தால் நாசில் கெட்டது, நகராவிட்டால் வால்வு, கம்ப்ரெஷன் பார்க்க வேண்டும்.

கருப்புப் புகைக்கு ஏர் கிளீனரை முதலில் தட்டிப் பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட். வண்டியை ஓட்ட வேண்டாம்.

கேபினில் இரண்டு மீட்டர் ஓஸ், கிளிப், காப்பர் வாஷர், ஒரு ஃபில்டர், 17, 19 ஸ்பானர் இருக்கட்டும். புது வாஷர் கிடைக்காத இடத்தில் பழையதைச் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் மறுபடி மெத்தென்று ஆகும், அமர்ந்து பிடிக்கும். இத்தனையும் பார்த்த பிறகும் சரியாகாவிட்டால், டெஸ்ட் பெஞ்ச் உள்ள கடைக்கு பம்பைக் கொண்டுபோங்கள். பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு எலிமென்டும் எவ்வளவு டீசல் தள்ளுகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதி வாங்குங்கள்.