குருதி கூறும் சான்று

நுழையும்முன்
வளிக்கு நிறமில்லை, மணமும் இல்லாதிருக்கலாம். ஆயினும், அது கொன்ற உடலில் தன் தடயத்தை விட்டுச் செல்கிறது. அத்தடயத்தைத் தேடிக் கண்டறிதல், வாழ்வோரைக் காக்கும் பணியுமாகும்.

சுரங்கத்தில் ஓர் ஆய்வு
1896ஆம் ஆண்டு சனவரித் திங்களில், வேல்சு நாட்டின் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 57 தொழிலாளர்கள் மாண்டனர். வெடிப்பின் விசையே அவர்களைக் கொன்றது என எண்ணுதல் இயல்பு. உடல்களை ஆராய்ந்த உடலியங்கியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் வேறொன்றைக் கண்டார். பலருடைய தோல் வெளிறாமல், உயிருள்ளோர்போலச் சிவந்திருந்தது. அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது வெடிப்பன்று. அதன்பின் பரவிய கார்பன் மோனாக்சைடே என்று அவர் நிறுவினார்.

நிறத்தின் பொருள்
குருதியிலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமந்து செல்கிறது. கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்கிற்கும் மேலான பற்றுடன் அதனோடு பிணைகிறது. உடல் ஆக்சிஜனின்றித் தவிக்க, குருதியோ செக்கச்சிவந்து தோன்றுகிறது. ஹால்டேன் இவ்வளியைத் தாமே சுவாசித்து, தம் குருதியைச் சோதித்து இவ்விளைவை அளந்தவர்.

கூராய்வும் முடிவும்
சிவப்பு நிறம் ஒன்றே சான்றாகாது. கடுங்குளிரும் சயனைடு நஞ்சும் அத்தகைய நிறத்தைத் தரக்கூடும். எனவே, குருதியை நிறமாலைமானியால் சோதித்து வளியின் அளவைக் கணக்கிடுவர். தீயில் கருகிய உடலின் மூச்சுக்குழாயில் கரிப்புகை படிந்து, குருதியிலும் இவ்வளி மிகுந்திருப்பின், தீப்பற்றியபோது அவர் உயிருடன் இருந்தார் எனத் துணியலாம். இரண்டும் இல்லையெனில், அவர் முன்னரே இறந்தாரா என்னும் ஐயம் எழும். விசாரணையின் திசையே மாறும்.

இறந்தோர் அளித்த காப்பு
காரணம் தெரிந்ததும் தடுக்கும் வழி பிறந்தது. மனிதரைவிட விரைவில் இவ்வளிக்கு ஆட்படும் சிற்றுயிர்களைச் சுரங்கத்திற்குள் கொண்டுசெல்லுமாறு ஹால்டேன் பரிந்துரைத்தார். கேனரிப் பறவை தள்ளாடினால் தொழிலாளர் உடனே வெளியேறினர். 1986இல் கருவிகள் அதன் இடத்தைப் பெற்றன.

இன்றும் மூடிய அறைக்குள் கரியடுப்பை எரியவிட்டு உறங்குவோர் மீளா உறக்கத்தில் ஆழ்கின்றனர். அறைக்குள் கரியடுப்பை எரியவிடாதிருக்கும் சிறு செயல் அவ்வுயிர்களைக் காத்திருக்கும். இறந்தோரின் குருதி தரும் சான்றை வாழ்வோர் செவிமடுத்தலே அவ்வாய்வின் பயன்.

தெரியுமா?
ஹால்டேனின் மகன் ஜே.பி.எஸ். ஹால்டேன் புகழ்பெற்ற மரபியல் அறிஞர். இந்தியக் குடியுரிமை பெற்று, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார்.