இரட்டிப்பாகும் பிட்காயின்

2020ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள். முன்னாள் அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா, பில் கேட்ஸ், இலோன் மஸ்க் முதலியோரின் டுவிட்டர் கணக்குகளில் ஏறத்தாழ ஒரே மாதிரியான அறிவிப்பு வெளிவந்தது. பிட்காயின் எனும் மின்னிலக்க நாணயத்தை அனுப்புவோருக்கு அது இரண்டு மடங்காகத் திருப்பித் தரப்படுமாம்!

அவை போலிக் கணக்குகள் அல்ல. மோசடிக்காரர்கள் டுவிட்டர் ஊழியர்கள் சிலரைத் தொலைபேசிவழி ஏமாற்றி, நிறுவனத்தின் கணினி அமைப்புக்குள் புகுந்து, உண்மையான கணக்குகளையே கைப்பற்றியிருந்தனர். எனவே, ‘இது அவருடைய கணக்குதானா?’ என்று சரிபார்த்தாலும் பயனில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: இலவசமாகக் கொடுப்பவர் முதலில் நம்மிடம் ஏன் பணம் கேட்கிறார்?

பலர் அதைக் கேட்கவில்லை. சில மணி நேரத்தில் 100,000 அமெரிக்க டாலருக்கும் அதிகமான பிட்காயின் பறிபோனது. வங்கிவழி பணம் அனுப்பியிருந்தால், உடனே புகார் செய்து தடுக்க முயலலாம். பிட்காயின் பரிமாற்றம் உறுதியாகிவிட்டால் அதனை ரத்து செய்ய இடையில் எந்த வங்கியும் இல்லை.

இன்னொரு வகை ‘இலவசம்’ பணமே கேட்காது. மின்பணப்பையின் இரகசியச் சொற்களைக் கேட்கும். அவற்றைச் சொல்வது வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம்.

டுவிட்டர் மோசடிக்கு மூளையாக இருந்ததாக ஃபுளோரிடாவில் கைதானவருக்கு அப்போது வயது 17.