போர்டில் எழுதிய பேரும் போல்ட்டுக்குப் போட்ட வரியும்



பன்னாட்டு வாணிபம் பாடம் நடந்தபோது எங்கள் பொருளியல் சார் ஒரு கேள்வி கேட்டார். "வெளிநாட்டுக் கம்பெனி அடிமாட்டு விலைக்குச் சரக்கை இறக்குது. அதைத் தடுக்க நாம வரி போட்டாச்சு. அஞ்சு வருஷமும் முடிஞ்சு போச்சு. இப்ப வரியை எடுக்கலாமா, வைக்கலாமா?"

நான்தான் முதலில் எழுந்தேன். "எடுக்கவே கூடாது சார். தப்பு செஞ்சவன் செஞ்சவன்தான்!" வகுப்பே கை தட்டியது. சார் மட்டும் சிரித்தார். "லீடரா இருந்த வாய் இல்ல, அப்படித்தான் பேசும். நீயே படிச்சு, சுவர் இதழுக்கு எழுதிக் கொடு" என்றார். படித்தேன். படித்த பிறகு என் பதிலை மாற்றிக்கொண்டேன். ஏன் என்று கேளுங்கள்.

முதலில் பாடம்

ஒரு கம்பெனி தன் நாட்டில் விற்கும் விலையைவிடக் குறைந்த விலைக்கு அதே பொருளை வெளிநாட்டுக்கு விற்றால், அதற்குப் பொருள் குவிப்பு என்று பெயர். செய்தித்தாளில் 'டம்பிங்' என்று போடுவார்கள். இங்கேதான் நாம் எல்லோரும் தவறு செய்கிறோம். மலிவாக விற்றாலே டம்பிங் ஆகிவிடாது. அவர்கள் ஊர் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

டம்பிங் இருந்தால் மட்டும் வரி போட முடியாது. மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும்: டம்பிங் நடந்தது, உள்ளூர்த் தொழிலுக்குப் பாதிப்பு வந்தது, அந்தப் பாதிப்பு இந்த டம்பிங்கால்தான் வந்தது. அதன் பிறகு போடுவதுதான் பொருள் குவிப்புத் தடுப்பு வரி.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு கிலோ போல்ட் அவர்கள் ஊரில் 100 ரூபாய். நமக்கு அனுப்புவது 80 ரூபாய்க்கு. வித்தியாசம் 20. அதை 80-ஆல் வகுத்தால் 25 சதவீதம். ஆனால் நம் ஊர்ப் பட்டறைக்குக் கட்டுப்படியாகும் விலை 92 ரூபாய்தான் என்றால், தேவைப்படுவது 12 ரூபாய். அதாவது 15 சதவீதம். இரண்டில் சிறியதையே வரியாகப் போடும் வழக்கம் இந்தியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் பெரும்பாலும் உண்டு. தண்டனை கொடுப்பது நோக்கமல்ல, பாதிப்பைச் சரிக்கட்டுவதுதான் நோக்கம். (இது எனக்கு முதல் அடி!) இன்னொன்று, இந்த வரியைக் கட்டுவது அனுப்பிய கம்பெனி இல்லை. சரக்கை வரவழைக்கும் இறக்குமதியாளர்தான் கட்ட வேண்டும்.

தெரியுமா உங்களுக்கு? உலகத்தில் முதன்முதலாக இதற்குச் சட்டம் போட்ட நாடு கனடா. வருடம் 1904.

ஐந்து வருடம் ஆனால் என்ன?

1995-இல் உலக வர்த்தக அமைப்பு வந்தது. அதன் ஒப்பந்தப்படி இந்த வரிக்கு ஆயுள் ஐந்து வருடம். அதற்குமேல் நீட்டிக்க வேண்டுமானால் மறு ஆய்வு செய்தாக வேண்டும். சூரியன் மறையும் நேரம் என்ற அர்த்தத்தில் இதற்கு 'சன்செட் ரிவியூ' என்று பெயர். இதில் கேட்கப்படும் கேள்வி "அன்று தப்பு செய்தார்களா?" என்பது அல்ல. "இன்று வரியை எடுத்தால் டம்பிங்கும் பாதிப்பும் தொடருமா, அல்லது மறுபடி வருமா?" என்பதுதான்.

நம் கரும்பலகையை நினைத்துப் பாருங்கள். லீடர் ஒருவன் பேரைப் போர்டில் எழுதுகிறான். அவன் ஒரு வாரம் பேசவில்லை. பேரை அழிக்கலாமா? "திருந்திட்டான், அழி" என்று சிலர் சொல்வோம். "பேர் இருக்கறதாலதான் வாயை மூடிட்டு இருக்கான், அழிச்சா மறுபடி ஆரம்பிப்பான்" என்று சிலர் சொல்வோம். அவன் அமைதியாக இருப்பதை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. மறு ஆய்வின் சிக்கலும் இதேதான். அதனால் அதிகாரிகள் வேறு தடயங்களைத் தேடுகிறார்கள்:

1. வரி இருக்கும்போதும் குறைந்த விலைக்கே அனுப்புகிறார்களா?
2. அந்த நாட்டில் வேலையில்லாமல் நிற்கும் மெஷின்கள் எவ்வளவு?
3. வரி இல்லாத மற்ற நாடுகளுக்கு என்ன விலையில் விற்கிறார்கள்?
4. உள்ளூர்த் தொழிற்சாலைகள் இந்த ஐந்து வருடத்தில் தேறினவா? உற்பத்தி, லாபம், வேலையாட்கள் எண்ணிக்கை எப்படி?

ஒரு போல்ட்டின் கதை

இதைப் புரிய வைத்தது ஐரோப்பாவில் நடந்த வழக்கு. பொருள்: சீனாவிலிருந்து வந்த இரும்பு, எஃகு போல்ட், ஸ்க்ரூ, வாஷர் வகைகள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இதில் சேராது.

2009 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் வரி போட்டது. கம்பெனியைப் பொறுத்து அதிகபட்சம் 85 சதவீதம். சீனாவின் உள்ளூர் விலையை அரசாங்கம்தான் வளைக்கிறது, அதை நம்ப முடியாது என்று சொல்லி, வேறொரு நாட்டின் விலையோடு ஒப்பிட்டார்கள். அந்த நாடு எது தெரியுமா? நம் இந்தியா! இங்கே போல்ட் செய்யும் ஒரு கம்பெனியின் விலை, சீனக் கம்பெனிகளுக்கு அளவுகோலாகிவிட்டது.

சீனா உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டது. 2011-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. பல குறைகள் வெளியே வந்தன. ஒன்று மட்டும் சொல்கிறேன். 'உள்ளூர்த் தொழிலுக்குப் பாதிப்பு' என்று கணக்கெடுத்தது மொத்த உற்பத்தியில் 27 சதவீதம் செய்கிறவர்களை வைத்து. அதிலும் மாதிரி ஆய்வில் கலந்துகொள்ளச் சம்மதித்தவர்களை மட்டும்தான் சேர்த்தார்கள். கை தூக்கியவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு, 'வகுப்பே சொல்கிறது' என்று எழுதுவது மாதிரிதானே இது!

2012-இல் கணக்கைத் திருத்தி, உச்ச வரியை 74.1 சதவீதமாகக் குறைத்தார்கள். இதற்கு நடுவே இன்னொரு விஷயமும் நடந்தது. சீனச் சரக்கு மலேசியா வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது என்று கண்டுபிடித்து, 2011-இல் அந்த வழிக்கும் வரியை நீட்டினார்கள். ஆக, வரி போட்டவர்களின் பயமும் பொய்யில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

2014-இல் ஐந்து வருடம் முடிந்தது. மறு ஆய்வு ஆரம்பித்தது. 2015 மார்ச்சில் "எடுத்தால் மறுபடி பாதிப்பு வரும்" என்று சொல்லி வரியை இன்னும் ஐந்து வருடத்துக்கு நீட்டினார்கள். எல்லாம் முடிந்தது என்றுதானே நினைப்போம்? முடியவில்லை.

2016 ஜனவரியில் மேல்முறையீட்டு அமைப்பு இரண்டாவது தடவையும் சீனா பக்கம் பேசியது. முக்கியமான காரணங்களில் ஒன்று என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. சீனக் கம்பெனிகள் திரும்பத் திரும்பக் கேட்டது இவ்வளவுதான்: "எங்க போல்ட்டை அந்த இந்தியக் கம்பெனியோட எந்த போல்ட்டோட ஒப்பிட்டீங்க? அது என்ன வகைன்னு சொல்லுங்க." சாதாரண போல்ட்டை, விசேஷ வேலைக்குச் செய்த விலை கூடிய போல்ட்டோடு ஒப்பிட்டால் எவனும் குற்றவாளி ஆகிவிடுவான். அந்த விவரத்தை ஒழுங்காகக் கொடுக்காதது தவறு என்று தீர்ப்பு வந்தது. அடுத்த மாதமே, 2016 பிப்ரவரியில், வரியை ரத்து செய்தார்கள். ஆனால் அதுவரை கட்டிய பணத்தைத் திருப்பித் தரவில்லை. ஏழு வருடம் கட்டியது கட்டியதுதான்.

கதை அதோடும் நிற்கவில்லை. ஐரோப்பியப் போல்ட் தயாரிப்பாளர்கள் மறுபடி புகார் கொடுத்தார்கள். புதிதாக விசாரித்து, 2022 பிப்ரவரியில் 22.1 முதல் 86.5 சதவீதம் வரை மறுபடியும் வரி போட்டார்கள். ஐந்து வருடக் கணக்குப்படி அதன் ஆயுள் 2027 பிப்ரவரி.

அப்படியானால் யார் சொன்னது சரி? அங்கே போல்ட் செய்கிறவர்களுக்கு வரி வேண்டும். போல்ட் வாங்கி விற்கிறவர்களுக்கும், அதைப் போட்டு மெஷின் செய்கிறவர்களுக்கும் வரி வந்தால் செலவு கூடும். இரண்டு பக்கமும் குடும்பங்கள் உண்டு. அதனால்தான் ஐரோப்பாவில் வாங்குபவர்களின் நலனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது.

நம் நாட்டில் எப்படி?

1975-ஆம் வருடச் சுங்கத் தீர்வைச் சட்டத்தில் இதற்கு இடம் உண்டு. விசாரித்துப் பரிந்துரை செய்வது வணிக அமைச்சகத்தின் கீழ் உள்ள வர்த்தகத் தீர்வுகள் தலைமை இயக்ககம். 2018 முதல் அதற்கு இந்தப் பெயர். வரி போடுவதா இல்லையா என்று முடிவு செய்வது நிதி அமைச்சகம். விசாரிப்பது ஒருவர், போடுவது இன்னொருவர். இங்கும் ஐந்து வருடம்தான், இங்கும் மறு ஆய்வு உண்டு.

கடைசியாக என் கதை

ஒன்பதாம் வகுப்பில் நான் லீடர். ஒருவன் பேரை ஒரு மாதம் போர்டில் வைத்திருந்தேன். "நான் என்னைக்குடா பேசினேன்? யார் சொன்னா?" என்று கேட்டான். "அதெல்லாம் சொல்ல முடியாது" என்றேன். இந்தக் கட்டுரையை எழுதும்போது அது உறுத்தியது. அவன் இப்போதும் என் வகுப்புதான். போய்க் கேட்டேன். "அன்னைக்கு நான் ரப்பர்தான்டா கேட்டேன். அதுக்கப்புறம் கேட்கவே பயமா இருந்துச்சு" என்றான். மூன்று வருடம் கழித்து அழிக்க, போர்டில் என்ன இருக்கிறது? மன்னிப்பு மட்டும் கேட்டேன்.

சார், உங்கள் கேள்விக்கு என் புதுப் பதில்: எடுக்கலாமா வைக்கலாமா என்று உட்கார்ந்த இடத்தில் சொல்ல முடியாது. விசாரிக்க வேண்டும். விசாரிக்கும்போது, எதை எதோடு ஒப்பிட்டோம் என்பதை எதிராளிக்கும் காட்ட வேண்டும்.

நினைவில் வைக்க
* மலிவு வேறு, டம்பிங் வேறு.
* வரிக்கு ஆயுள் ஐந்து வருடம். நீட்டிக்க மறு ஆய்வு வேண்டும்.
* மறு ஆய்வு பார்ப்பது, வரியை எடுத்தால் இனி என்ன ஆகும் என்பதை.

உங்களுக்கு ஒரு கணக்கு: அவர்கள் ஊர் விலை 150, நமக்கு அனுப்பும் விலை 120, நம் பட்டறைக்குக் கட்டுப்படியாகும் விலை 138. வரி எத்தனை சதவீதம்? விடையைத் துண்டுச்சீட்டில் எழுதி இதழ்ப் பெட்டியில் போடுங்கள்.



இப்படிக்கு,
பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் பிரிவு மாணவன்